நாலாவது சுற்று

எங்கள் ஊரில் விடிகாலை நாலு மணிக்கு ஒரு பெண் வியர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருந்தால், பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இன்னா வேண்டுதல் பாப்பா?" என்பதுதான். ஊர் திருவண்ணாமலை, ஓடுகிற பாதை கிரிவலப் பாதை. அதனால் அவர்கள் மேல் தப்பே இல்லை. ஆரம்பத்தில் எல்லாம் நின்று விளக்கம் சொல்வேன்.

"வேண்டுதல் இல்லண்ணா, பிராக்டீஸ்."

"எதுக்கு?"

"அம்பது கிலோமீட்டர் ஓடறதுக்கு."

"அதான், எதுக்கு?"

இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. இப்போதெல்லாம் "ஆமாண்ணா, வேண்டுதல்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறேன். நேரம் மிச்சம் :-)

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன் (பி.காம். மூன்றாம் ஆண்டு, கணக்கு இல்லாமல் ஒன்றும் எழுத வராது). மலையை ஒரு சுற்று சுற்றினால் 14 கிலோமீட்டர். மூன்று சுற்று 42. ஒரு மாரத்தான் 42.195. அதாவது ராஜகோபுரத்தில் ஆரம்பித்து மூன்று முறை மலையைச் சுற்றி வந்து, மறுபடி ஒரு 195 மீட்டர் போனால் மாரத்தான் கணக்கு முடிந்தது. அதற்கு மேல் ஓடுவது எல்லாமே 'அல்ட்ரா' என்ற தலைப்பில் வரும். நாலு சுற்று என்றால் 56. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரத்தில் நடக்கும் டூ ஓஷன்ஸ் ஓட்டத்தின் தூரமும் இதே 56 கிலோமீட்டர் என்று படித்தபோது எனக்கு ஒரே குஷி. பாஸ்போர்ட், விமான டிக்கெட் எதுவும் இல்லாமல் நம் தெருமுனையிலேயே அது கிடைக்கிறதே! (அவர்களுக்கு இரண்டு சமுத்திரம், நமக்கு ஒரு மலை.)

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்றால், ஒரு போட்டோவால். 2024 மார்ச்சில் நான் முதலாம் ஆண்டு. ஒரு பெண், மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்புக் கேட்டைத் தொட்டுவிட்டு அப்படியே கீழே சரிந்து கிடக்கிறாள். கால் முழுக்கக் கீறல். பெயர் ஜாஸ்மின் பாரிஸ், இங்கிலாந்துக்காரர், கால்நடை மருத்துவர். அமெரிக்காவில் டென்னசி காட்டுக்குள் நடக்கும் பார்க்லி மாரத்தான்ஸ் என்ற பந்தயத்தை முடித்திருக்கிறார். காட்டுக்குள் ஐந்து சுற்று, சுமார் 160 கிலோமீட்டர், 60 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அவர் முடித்தபோது மிச்சம் இருந்தது 99 நொடி. 1986-ல் தொடங்கிய பந்தயத்தை அதுவரை ஒரு பெண்கூட முடித்ததில்லை. இதே அம்மணி 2019-ல் பிரிட்டனில் 268 மைல் ஸ்பைன் ரேஸை ஆண், பெண் எல்லோரையும் முந்தி ஜெயித்தவர். அப்போது கைக்குழந்தைக்காரி. நடுவில் நிற்கிற இடங்களில் குழந்தைக்காகத் தாய்ப்பால் எடுத்து வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்தச் 'சுற்று' என்ற விஷயம்தான். சுற்றுவதில்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அனுபவம் ஜாஸ்தி.

அம்மாவிடம் சொன்னேன். திட்டு விழும் என்று நினைத்தேன். விழவில்லை. "தனியா அனுப்ப மாட்டேன். நீ ஓடு, நான் பின்னாடி வண்டில வரேன்" என்றாள்.

வண்டி என்பது அம்மாவின் எக்ஸ்எல். எங்கள் வீட்டில் இட்லி மாவு வியாபாரம். இரண்டு பெரிய கிரைண்டர், நாள் முழுக்க அரைத்து, பாக்கெட் போட்டு, பதினோரு கடைகளுக்கு அம்மாவே எக்ஸ்எல்லில் கொண்டுபோய்ப் போடுவாள். அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில். அந்த நாலைந்து நாளில் ஒருநாள் இந்த ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, "ஆத்தாளுக்கும் பொண்ணுக்கும் ஒண்ணா கழண்டுக்கிச்சு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எக்ஸ்எல்லை மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அது உதறும், விக்கும், நின்றுவிடும். அம்மா அதையும் பழகிக்கொண்டாள். எனக்கு முன்னால் ஹெட்லைட் வெளிச்சத்தில் என் நிழலே நீளமாக ஓடும். ஆதி அண்ணாமலைப் பக்கம் நாய்கள் வந்தால் அம்மா ஹாரன் அடிப்பாள். பாதையோரம் படுத்திருக்கும் சாமியார்கள் எழுந்து பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் தினமும் கை தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவார், எனக்கா எக்ஸ்எல்லுக்கா என்று இன்றுவரை தெரியாது.

முதல் நாள் இரண்டு கிலோமீட்டரில் நாக்கு தள்ளிவிட்டது. தப்பு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. வேகமாக ஓடக் கூடாது. நெடுந்தூர ஓட்டத்தில் பயிற்சியின் பெரும்பகுதி, பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில்தான் இருக்க வேண்டும். அம்மா அதற்கு ஒரு சோதனை கண்டுபிடித்தாள். வண்டியில் இருந்தபடியே முந்தின நாள் சீரியல் கதை கேட்பாள். நான் முழு வாக்கியமாகப் பதில் சொன்னால் வேகம் சரி. "ம்", "ஆமா" என்று மட்டும் சொன்னால், "மெதுவா போடி."

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். எனக்கே நம்ப முடியாத மூன்று மாதம். ஒரு சுற்று, ஒன்றரை, இரண்டு. இரண்டு சுற்று, 28 கிலோமீட்டர், 4 மணி 10 நிமிடம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய சோறு மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். சாப்பாட்டு விஷயத்திலும் நிறைய கற்றுக்கொண்டேன். உடம்பு மாவுச்சத்தாகச் சேர்த்து வைப்பது சுமார் 2000 கலோரி அளவுக்குத்தான். 30 கிலோமீட்டர் வாக்கில் அது காலியாகிவிடும், அதனால் ஓடிக்கொண்டே சாப்பிடப் பழக வேண்டும். ஜெல் பாக்கெட் ஒன்று நூறு ரூபாய்க்கு மேல், நமக்குக் கட்டாது. உப்பு தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, கடலை மிட்டாய், வாழைப்பழம். (நீர்மோர் முயற்சி ஒருநாள் நடந்தது. நிருதி லிங்கம் அருகே அது முடிவுக்கு வந்தது. விவரம் வேண்டாம்.) வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து என்பது எனக்குப் புதுச் செய்தி. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு உப்பு, அதாவது சோடியம், இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போயிருந்ததாம்.

ஷூவுக்கும் கணக்கு வைத்தேன். 3,600 ரூபாய், ஆயுள் 720 கிலோமீட்டர், நேர்கோட்டு முறையில் தேய்மானம் கிலோமீட்டருக்கு 5 ரூபாய். ஒரு கிரிவலம் 70 ரூபாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, நடந்து போனால் செலவே கிடையாது, ஓடினால் மட்டும் 70 ரூபாய். இதை வகுப்பில் சொன்னபோது சார்கூட சிரித்தார்.

அந்த உற்சாகத்தில் பெங்களூரு பக்கம் டிசம்பரில் நடக்கும் ஒரு 50 கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பணம் கட்டினேன். 2,600 ரூபாய், திருப்பித் தரமாட்டார்கள். அம்மா மாவு விற்ற காசு, எல்லாம் பத்தும் இருபதுமாக.

செப்டம்பர் கடைசியில்தான் ஏதோ சரியில்லாமல் போக ஆரம்பித்தது. அதே வேகம், ஆனால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். சீரியல் கதைக்கு "ம்" மட்டும்தான் வந்தது. வேகத்தைக் குறைத்தேன், அப்போதும் "ம்". கல்லூரியில் இரண்டாவது மாடி ஏறுவதற்குள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. (28 கிலோமீட்டர் ஓடுகிறவளுக்கு இரண்டு மாடி ஏற முடியவில்லை என்று தோழிகள் ஓட்டித் தள்ளினார்கள்.) முடி கொட்டியது. சாயங்காலம் ஆறு மணிக்கே தூக்கம்.

இங்கே நான் செய்ததுதான் தப்பு. இதை நான் உடம்பு பிரச்சினை என்றே நினைக்கவில்லை, மனப் பிரச்சினை என்று நினைத்தேன். இந்த ஓட்டக்காரர்கள் உலகத்தில் திரும்பின பக்கமெல்லாம் 'மனசு வைத்தால் முடியும்' என்றுதானே எழுதியிருக்கிறார்கள்? அப்படியானால் முடியவில்லை என்றால் மனசு வைக்கவில்லை என்று அர்த்தம். ரொம்ப சுலபமான லாஜிக். நான் வைத்திருந்த நோட்டில் அந்த மாதக் குறிப்புகளை இப்போது படித்தால் கோபம் வருகிறது. "அக். 6 - சோம்பேறித்தனம்." "அக். 13 - பாதியில் நடந்தேன், வெட்கம்." "அக். 20 - நாளையிலிருந்து 15 நிமிஷம் முன்னாடி எழணும்." முடியாதபோது கூட்டினேன். அக்டோபர் 27, இரண்டரைச் சுற்று என்று கிளம்பி, வாயு லிங்கத்தின் பக்கத்தில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அம்மா வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் மூச்சு வாங்கியது. அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை, இப்போது யோசிக்கும்போதுதான் ஞாபகம் வருகிறது. வண்டியில் வந்தவளுக்கு எதற்கு மூச்சு வாங்க வேண்டும்?

நவம்பரில் கல்லூரியில் ரத்த தான முகாம். பெயர் கொடுத்திருந்தேன். அங்கே ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை உண்டு. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, நீல நிறத்தில் ஒரு கரைசலில் விடுகிறார்கள். மயில்துத்தம் கரைத்த தண்ணீர். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் சொட்டு கனமாக இருக்கும், நேராக அடியில் போய் விழும். குறைவாக இருந்தால் மிதக்கும். எனக்கு முன்னால் நின்ற பையனின் சொட்டு கல் மாதிரி இறங்கியது. என்னுடையது கொஞ்சம் இறங்கி, யோசித்து, மேலே வந்து நின்றுகொண்டது.

"அடுத்து" என்றார் அந்த அக்கா.

"இல்லக்கா, நான் டெய்லி ஓடறவ. இன்னொரு தடவை பாருங்க."

இன்னொரு விரல். அதுவும் மிதந்தது. எங்கள் வகுப்பிலிருந்து வரிசையில் நின்ற பெண்கள் பதினாலு பேரில் ஒன்பது பேரைத் திருப்பி அனுப்பினார்கள். எல்லோரும் ஜூஸ் கிடைக்கவில்லையே என்று சிரித்துக்கொண்டே போனோம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாங்கள் ஒன்றும் அதிசயம் இல்லை, சராசரிதான்.

அரசு மருத்துவமனையில் போய்ப் பரிசோதித்தேன். 8.7. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. அந்த டாக்டர் மேடம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "பச்சை அரிசி, ஐஸ், சாம்பல், எதையாவது மெல்லுவியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாவுக்கு வாங்கி வைத்திருக்கும் அரிசி மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து மென்றுகொண்டே படிப்பது என் பழக்கம். அம்மாவும் அப்படித்தான், கிரைண்டர் ஓடும்போது வாயில் அரிசி இருக்கும். எங்கள் வீட்டில் அதைப் பரம்பரைப் பழக்கம் என்று கிண்டல் பண்ணுவோம். அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்களில் ஒன்றாம்.

அந்த மேடம் பொறுமையாகச் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். உடம்பில் இரும்புக்கு ஒரு கையிருப்பு உண்டு, ஃபெரிட்டின் என்று அளக்கிறார்கள். செலவு அதிகமானால் முதலில் கரைவது கையிருப்புதான், ஹீமோகுளோபின் அப்போதைக்கு அப்படியே நிற்கும். கையிருப்பு தீர்ந்த பிறகுதான் அது சரியும். லாபம் காட்டிக்கொண்டே ரிசர்வைத் தின்கிற கம்பெனி மாதிரி. என் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் எல்லாம் அப்படி வந்த லாபம்தான். ஓடுகிறவர்களுக்குச் செலவும் ஜாஸ்தி. பாதம் தரையில் அடிக்க அடிக்க, அங்கே ஓடும் ரத்தத்தில் சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைகின்றன. வியர்வையில் கொஞ்சம் போகிறது. மாதவிலக்கில் போவது தனி. இது போதாதென்று, நீண்ட ஓட்டம் முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடலில் இரும்பு உள்ளே போகும் வழியை அடைத்துவிடுகிறது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஓடி முடித்து, குளித்து, பத்து மணிக்கு முருங்கைக்கீரை சாப்பிட்டு, கையோடு ஒரு டம்ளர் ஸ்ட்ராங் டீ. டீ வேறு இரும்பைக் கட்டிப்போடும். அத்தனை கீரையும் வீண்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல நிற இரும்பு மாத்திரை கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தது. தமிழ்நாட்டிலேயே இரும்புச்சத்து அதிகமுள்ள வேப்பமரம் அதுவாகத்தான் இருக்கும்.

"மூணு மாசம் ஓட்டம் கிடையாது. நடக்கலாம்" என்றார் மேடம். டிசம்பர் பந்தயத்தைச் சொன்னேன், பணம் கட்டியதையும் சொன்னேன். "போனது போனதுதான்மா" என்றார். சங்க் காஸ்ட் பற்றி இரண்டு மார்க் கேள்விக்கு எத்தனை தடவை எழுதியிருப்பேன்!

எழுந்து வரும்போது என்னவோ தோன்றி, "மேடம், எங்கம்மாவும் அரிசி மெல்லுவாங்க" என்றேன்.

அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வர மாட்டேன் என்று ஒரே அடம். "எனக்கின்னாடி, நல்லாத்தான் இருக்கேன். கடைக்கு மாவு போடணும்." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். மத்தியானம் ரிப்போர்ட் வந்தது.

7.4.

எட்டுக்குக் கீழே போனால் அது கடுமையான ரத்தசோகை. நான் 8.7-ல் இரண்டு மாடி ஏற முடியாமல் நின்றவள். திண்ணையில் உட்கார்ந்து அழுதவள். அம்மா அதைவிடக் குறைவான ரத்தத்தோடு காலை மூன்றரைக்கு எழுந்து, என் பின்னால் நாலு மணி நேரம் வண்டி ஓட்டி, வீட்டுக்கு வந்து இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை நகர்த்தி, நின்றபடியே மாவு அள்ளிப் பாக்கெட் போட்டிருக்கிறாள். என் பயிற்சி நோட்டு மாதிரி அவளும் ஒன்று எழுதியிருந்தால் அதில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்தேன்.

"உனக்கு மூச்சு வாங்கலியாம்மா?"

"வாங்கும். வயசாவுதுல்ல."

அம்மாவுக்கு வயது 43.

டாக்டர் கேட்கக் கேட்கத்தான் வெளியே வந்தது. மாதம் பத்து நாள் உதிரப்போக்கு, நாலு வருஷமாக. என்னிடமும் சொன்னதில்லை, அப்பாவிடமும் சொன்னதில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி என்று வந்தது. புற்று இல்லை, மருந்தில் கட்டுப்படுத்திப் பார்க்கலாம் என்றார்கள். அம்மாவுக்கு மாத்திரை போதாது என்று இரும்பு டிரிப் ஏற்றினார்கள். காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும் அது. நாள் விட்டு நாள் எக்ஸ்எல்லில் நான் ஓட்ட, அம்மா பின்னால் உட்கார்ந்து வருவாள். "இன்னும் கொஞ்சம் வேகமாத்தான் போயேன்" என்று அவள் சொன்னபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு.

அந்த டிசம்பர் எங்கள் ஊருக்கே கெட்ட டிசம்பர். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து குழந்தைகள். நான் சுற்றிச் சுற்றி ஓடிய அதே மலை. அந்த வாரம் ஓட்டம், பந்தயம் எதைப் பற்றியும் யோசிக்கவே தோன்றவில்லை. பந்தய நாள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பொய். அன்றைக்கு விடிகாலை மூன்றரைக்கு முழிப்பு வந்துவிட்டது. படுத்தபடியே யார் யார் ஓடுகிறார்கள் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமைதான், வேறென்ன.

ஓடாத மாதங்கள் ஓடிய மாதங்களைவிடக் கஷ்டம். அந்த மாதங்களில் நிறையப் படித்தேன். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டத்தில் (சுமார் 90 கிலோமீட்டர், 1921-லிருந்து நடக்கிறது) 12 மணி நேரம் முடியும்போது ஒருவர் ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கி வெடிப்பாராம். கோட்டுக்கு ஒரு அடி முன்னால் இருந்தாலும் கணக்கில் கிடையாது. அதில் பெண்களை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டதே 1975-ல்தான். நான் படித்ததை எல்லாம் அம்மாவிடம் சொல்வேன். கிரைண்டர் சத்தத்தில் பாதி காதில் விழாது. "முதுகை எதுக்குக் காட்றான்?" என்று கேட்டாள். யாருக்காகவும் இரக்கப்பட்டு நேரத்தைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக இருக்கும் என்று நானாக ஒரு காரணம் சொன்னேன். "பாவம், அவனுக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றாள்.

மாத்திரை சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் டீ கிடையாது என்ற சட்டம்தான் அம்மாவுக்குப் பெரிய தண்டனை. எலுமிச்சம்பழச் சாறோடு மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டி. (ஆட்டு மண்ணீரல். கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், நல்ல டிமாண்டு.) அரிசி மூட்டைப் பக்கம் யார் போனாலும் மற்றவர் கத்துவது. மார்ச்சில் எனக்கு 11.6, அம்மாவுக்கு 10.3. அரிசி மெல்லும் ஆசை இரண்டு பேருக்கும் எப்போது போனது என்றே தெரியவில்லை. ஒருநாள் பார்த்தால் இல்லை.

மறுபடி ஒரு கிலோமீட்டரிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை நோட்டில் இரண்டு பத்தி. ஒன்றில் தூரம், இன்னொன்றில் மாடி ஏறும்போது மூச்சு வாங்கியதா இல்லையா. வாங்கினால் அந்த வாரம் பாதியாகக் குறைத்துவிடுவேன். 'சோம்பேறித்தனம்' என்ற வார்த்தையை நோட்டில் தடை செய்துவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேருக்கும் ரத்தப் பரிசோதனை. 2025 முழுக்க இப்படியே மெதுவாகப் போனது. சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை, நடுவில் மூன்று வாரம் முழங்கால் வலி, ஒரு செமஸ்டர், பௌர்ணமி தோறும் பாதை முழுக்க ஜனம் என்று விடுமுறை.

2026 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை, நாலு சுற்று என்று கிளம்பினேன். பந்தயம் கிடையாது, மெடல் கிடையாது, 2,600 ரூபாயும் கிடையாது. இரவு ஒன்றரை மணிக்கு ராஜகோபுரம். அம்மா ஸ்வெட்டர், மப்ளர், எக்ஸ்எல், ஒரு டப்பா உருளைக்கிழங்கு. முதல் சுற்றில் சீரியல் கதை முழுசும் சொன்னேன். இரண்டாவதிலும் பேச்சு வந்தது. மூன்றாவதில் தொடை இரண்டும் கட்டையாகி, ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ராஜகோபுரத்துக்கு மூன்றாவது முறை வரும்போது 6 மணி 50 நிமிடம் ஆகியிருந்தது. நல்ல வெயில், பூக்கடைகள் எல்லாம் திறந்தாயிற்று. நிற்காமல் போனேன். கொஞ்ச தூரம் போனதும் அம்மா வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"இப்ப ஆரம்பிச்சுடுச்சா அது?"

"எது?"

"அதான், அல்ட்ரா."

"ஆமாம்மா, இப்பத்தான்."

"ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்றாள்.

எனக்குத் தெரிந்தது. ஆனால் பேசுகிற நிலைமையில் இல்லை.

நாலாவது சுற்று முக்கால்வாசி நடைதான். வெயில் ஏற ஏற, தண்ணீரில் நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, எம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம். ஐம்பதைத் தாண்டியபோது கைகடிகாரத்தை அம்மாவிடம் காட்டினேன். ஆதி அண்ணாமலை தாண்டி 51 என்று காட்டும்போது நெஞ்சு படபடத்தது. நின்றேன். பத்து நிமிடம் நிழலில் உட்கார்ந்து பார்த்தேன். அடங்கவில்லை. இன்னும் ஐந்து கிலோமீட்டர்தான். பழைய நானாக இருந்தால் தவழ்ந்தாவது போயிருப்பேன், நோட்டில் எழுதுவதற்காகவாவது. எழுந்து போய் எக்ஸ்எல் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "போதுமா?"

"போதும்."

கிக்கரை உதைத்தாள். வண்டி நகர்ந்தது. வழியில் குபேர லிங்கம், ஈசான்ய லிங்கம் எல்லாம் சல்லென்று போயின. ஓடும்போது வராத காற்று முகத்தில் அடித்தது. கை தூக்கி ஆசீர்வாதம் பண்ணுகிற சாமியார் அன்றைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். வண்டியில் போகிற என்னைப் பார்த்துவிட்டு, கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்த மாதிரி இருந்தது. பிறகு தூக்கிவிட்டார்.

போன வாரம் பரிசோதனை. எனக்கு 12.4, அம்மாவுக்கு 11.5. ரிப்போர்ட்டை மடித்து மாவுக் கணக்கு நோட்டுக்குள் வைத்துவிட்டு அம்மா கேட்டாள்: "அந்த அஞ்சு கிலோமீட்டர் பாக்கி இருக்குதே, அதை எப்ப வெச்சுக்கலாம்?"

செமஸ்டர் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.